வேட்டைக்கு மூன்று காலிபர் போதும்: எதை முதலில் தேர்ந்தெடுப்பது, ஏன்?

புதியவர்கள் எழுதும் காலிபர் (துப்பாக்கிக் குழலின் விட்டம், வழக்கில் அதற்கான தோட்டா வகை) பட்டியல் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறது. ஆயுளில் ஒருமுறை எதிர்ப்படலாம் என்று கனவு காணும் மூஸுக்கோ (மிகப் பெரிய மான் வகை) கரடிக்கோ முதலில் ஒரு மேக்னம் (வெடிமருந்து அதிகமுள்ள தோட்டாவுக்கான) ரைஃபிள் வாங்குகிறார்கள். சுடும்போது அது தோளில் தரும் உதை தாங்காமல் பயிற்சியை விடுகிறார்கள். பிறகு அருகிலுள்ள காட்டில் திரியும் சின்ன மானைக்கூடக் காயப்படுத்தி ஓட விடுகிறார்கள்.

சரியான வரிசை வேறு. வழக்கமாகச் சுடப்போகும் மிருகத்துக்கான நடுத்தரக் காலிபர்தான் முதலில் முடிவாக வேண்டும். அதற்குக் கீழேயும் (சின்ன இரை) பக்கத்திலும் (பறக்கும் இரை) என்ன இடைவெளி மிஞ்சுகிறதோ அதை நிரப்பத்தான் மற்ற இரண்டும்.

தொடங்கும் முன்

நான்கு விஷயங்கள் தயாராக இருக்கட்டும்: வேட்டையாடப்போகும் பகுதியின் நடப்பு ஆண்டு விதிகள், உங்கள் உரிமம் எத்தனை துப்பாக்கிகளை, எந்த வகைகளை அனுமதிக்கிறது என்ற விவரம், ஒரு தாள், வெவ்வேறு காலிபர்களைச் சுட்டுப் பார்க்க ஒரு பயிற்சிக் களம். கடைசியை யாரும் பொருட்படுத்துவதில்லை. தவறான துப்பாக்கிகள் வீடு வந்து சேர்வது பெரும்பாலும் அதனால்தான்.

1. சட்டத்திலிருந்து தொடங்குங்கள்

சட்டம் பாதிப் பட்டியலை அடித்துவிடும் என்பதால் இதுதான் முதல் படி. சில நாடுகளில் வேட்டையே முழுக்கத் தடை. அனுமதி உள்ள இடங்களிலும் விதிகள் ஒன்றுபோல இருப்பதில்லை.

ஜெர்மனியில் ரோ மானை (சின்ன மான் வகை) தவிர்த்த மற்ற குளம்புள்ள விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும், 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும் வேண்டும். .243 வின்செஸ்டர் ஆற்றலில் தேறும், விட்டத்தில் தேறாது. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்கு .240 அங்குல விட்டமும் குழல் முனையில் 1,700 அடி-பவுண்டு (ஏறக்குறைய 2,300 ஜூல்) ஆற்றலும் போதும், அங்கே அதே .243 தாராளமாகச் செல்லும். அமெரிக்காவின் ஒஹையோவில் மானை ரைஃபிளால் சுட வேண்டுமென்றால் நேர்சுவர்க் கூடு (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோகக் கூடு, கழுத்துச் சுருங்காதது) கொண்ட தோட்டாதான். உலகமே புகழும் .308 அங்கே மானுக்கு உதவாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறைந்தபட்ச விட்டம், குறைந்தபட்ச ஆற்றல் (அது குழல் முனையிலா, 100 மீட்டரிலா என்பதோடு), ஈயத்துக்குத் தடை உண்டா. மூன்றாவது கேள்வி 6-ஆம் படியில் மறுபடி வரும்.

2. மிருகம், எடை, தூரம்: மூன்று பத்தி

தாளில் மூன்று பத்தி பிரியுங்கள். முதலாவதில் அடுத்த மூன்று ஆண்டுகளில் உண்மையாகவே அனுமதிச் சீட்டு கிடைக்கக்கூடிய விலங்குகள். இரண்டாவதில் அவற்றின் எடை. மூன்றாவதில் அந்த நிலத்தில் பார்வைக்குக் கிடைக்கும் தூரம்.

தூரத்தை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். அடர்ந்த காட்டில் 80 மீட்டருக்கு மேல் பார்க்கவே முடியாது. திறந்த புல்வெளியில் 300 மீட்டர்கூடச் சாதாரணம். புதியவர்கள் எடையைக் குறைத்தும் தூரத்தைக் கூட்டியும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் 100 மீட்டர் காட்டுக்கு 800 மீட்டர் தோட்டா வாங்குவதில் போய் முடியும்.

உயிர்நிலையின் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். நடுத்தர மானுக்கு இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. வட்டம். முயலின் தலை என்றால் 3 அல்லது 4 செ.மீ.தான். எவ்வளவு துல்லியம் தேவை என்பதை இந்த எண்தான் சொல்லும், காலிபர் சொல்லாது.

3. தோட்டாவின் பெயரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள்

பெயரில் உள்ள எண்ணும் குண்டின் விட்டமும் ஒன்றல்ல. .270 வின்செஸ்டரின் குண்டு .277 அங்குலம். .223 ரெமிங்டனின் குண்டு .224. .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றுக்கும் ஒரே .308 அங்குலக் குண்டு. வித்தியாசம் கூட்டின் அளவிலும் வெடிமருந்தின் அளவிலும்தான். .30-06 என்பதில் உள்ள 06, அது வந்த 1906-ஆம் ஆண்டைக் குறிக்கும்.

கூட்டின் நீளத்தையும் கவனியுங்கள். .308-க்கு 51 மி.மீ., .30-06-க்கு 63 மி.மீ. குட்டையான தோட்டாவுக்குக் குட்டையான போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) அமைப்பு போதும். துப்பாக்கி சற்று இலேசாகும், போல்ட் இழுக்கும் தூரமும் குறையும். .243-ம் 7 மி.மீ.-08-ம் .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தவை. ஒரே அளவு ரைஃபிளில் இந்த மூன்றும் கிடைப்பது அதனால்தான்.

4. உதைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்

காலிபரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பிடித்துப்போன காலிபரின் உதையை மனம் தானாகவே குறைத்து மதிப்பிடும்.

ஏறக்குறைய 3.6 கிலோ ரைஃபிளில் உதை ஆற்றல் இந்த அளவில் இருக்கும்: .223-க்கு 4 அடி-பவுண்டுக்கும் குறைவு, .243-க்கு 9, 6.5 கிரீட்மூருக்கு 12, .308-க்கு 17, .30-06-க்கு 20, .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 26. துப்பாக்கியின் எடை குறையக் குறைய இந்த எண்கள் கூடும். மலையேற வசதி என்று 2.7 கிலோ ரைஃபிளில் மேக்னம் வாங்குபவர் இதைப் பிறகுதான் உணர்வார்.

பெரும்பாலானோர் தொடர்ந்து பயிற்சி செய்து துல்லியம் கெடாமல் தாங்குவது 15 முதல் 20 வரை. உங்கள் எல்லையை அறிய ஒரு சோதனை உண்டு. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களையும் உண்மைத் தோட்டாக்களையும் இன்னொருவர் கலந்து நிரப்பித் தரட்டும். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பயிற்சித் தோட்டா வரும் நேரத்தில் விசையை இழுத்ததும் குழல் முனை கீழே குத்தினால் உதைக்குப் பயந்து உடல் முன்கூட்டியே இறுகுகிறது என்று பொருள். அந்தக் காலிபர் உங்களுக்கு இன்னும் பெரிது.

இரட்டைக் காதுப் பாதுகாப்பு அணிந்து இதைச் செய்யுங்கள். பலர் உதை என்று நினைப்பதில் பாதி, சத்தத்தின் அதிர்ச்சி.

5. நடுக் காலிபரைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது கையில் மூன்று வரம்புகள் உள்ளன: சட்டம் சொல்லும் கீழ் வரம்பு, மிருகமும் தூரமும் கேட்கும் ஆற்றல், தோள் அனுமதிக்கும் மேல் வரம்பு. குண்டு படும் இடத்தில் மானுக்கு ஏறக்குறைய 1,350 ஜூல், எல்க் (பெரிய மான் வகை) அளவுக்கு 2,000 ஜூல் என்பது வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. விதி அல்ல, வடிகட்டும் சல்லடை. குழல் முனையின் எண்ணை அல்ல, உங்கள் தாளில் உள்ள தூரத்தின் எண்ணைப் பாருங்கள், 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) .308 குண்டு முனையில் 3,500 ஜூலைத் தாண்டினாலும் 270 மீட்டரில் அதில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

நடு இடத்துக்குப் பொருத்தமானவை நான்கைந்துதான்.

.243 வின்செஸ்டர்: 100 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். உதை மென்மை. சின்ன மானுக்கும் நரி அளவுக்கும் நல்லது. பெரிய காட்டுப்பன்றியின் தோள் எலும்பில் தடுமாறும். நடுக் காலிபராக இதை வைப்பவர், பட்டியலில் பன்றியோ எல்க்கோ இல்லை என்று உறுதியாக இருக்க வேண்டும்.

6.5 கிரீட்மூர்: 140 கிரெய்ன் ரகக் குண்டு நொடிக்கு 820 மீட்டர் அளவில். விட்டத்துக்கு எடை அதிகம் என்பதால் ஆழமாக ஊடுருவும், காற்றுக்கும் குறைவாக விலகும். .308-ஐவிட உதை குறைவு. திறந்த நிலத்தில் சுடுபவருக்கு ஏற்றது. 150 மீட்டருக்குள் மட்டும் சுடுபவருக்கு இதன் முக்கிய ஆதாயம் உதை குறைவதுதான். மற்றவை விளம்பரத்தில்தான் தெரியும்.

7 மி.மீ.-08: கணக்குப்படி மிகச் சமநிலையானது இதுதான். குறை, கடைகளில் தோட்டா வகைகள் குறைவு.

.308 வின்செஸ்டர்: 1952 முதல் சந்தையில் இருக்கிறது. 150 முதல் 180 கிரெய்ன் வரை குண்டுகள், எந்த ஊர்க் கடையிலும் ஏதாவது ஒரு பெட்டி. குட்டைக் குழலிலும் வேகத்தை அதிகம் இழக்காது. அடர்காட்டிலும் பன்றிக்கும் முதல் தெரிவு.

.30-06: .308 செய்வதையெல்லாம் செய்து, 180 கிரெய்னுக்கு மேல் கூடுதலாகக் கொஞ்சம் தரும். எல்க்கும் மூஸும் உண்மையாகவே பட்டியலில் இருந்தால் மட்டும் அந்தக் கூடுதல் உதைக்கு அர்த்தம் உண்டு.

இரண்டு காலிபர்களுக்கிடையே மனம் ஊசலாடினால், முடிவைத் தோட்டா கிடைப்பதிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கும் இடங்களில் குறைந்தது மூன்று நிறுவனங்களின் வேட்டைத் தோட்டாக்கள் தொடர்ந்து இருக்கிறதா? ஒன்றே ஒன்றுதான் என்றால், தட்டுப்பாடு வரும் ஆண்டில் அந்தத் துப்பாக்கி அலமாரியில்தான் இருக்கும். 200 மீட்டருக்குள் 6.5 கிரீட்மூருக்கும் .308-க்கும் குண்டு விழும் உயரத்தில் சில செ.மீ. வித்தியாசம்தான், தோட்டா இல்லாத ரைஃபிளுக்கும் உள்ளதற்கும் இருக்கும் வித்தியாசம் அப்படியல்ல.

6. காலிபரைவிட குண்டு முக்கியம்

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். காலிபருக்கு ஆறு மாதம் வாதாடிவிட்டு, கடையில் மலிவாக இருந்த பெட்டியை எடுத்து வருவார்கள்.

முழு உறைக் குண்டு (ஈயத்தின் முனையையும் உலோக உறை மூடியது) பயிற்சிக்கு. உடலுக்குள் விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போகும். மிருகம் வெகுதூரம் ஓடி, கண்டுபிடிக்க முடியாத இடத்தில் சாகும். பல இடங்களில் சட்டமும் தடுக்கிறது.

மென்முனை ஈயக் குண்டு நடுத்தர மானுக்குப் போதுமானது. ஆனால் நெருக்கத்தில், மிக வேகமாக, தடித்த எலும்பில் பட்டால் சிதறும். ஆழம் போகாது, இறைச்சியும் பாழாகும். ஈயத்தை உறையோடு பிணைத்துச் செய்த குண்டு இந்தக் குறையைச் சரிசெய்கிறது. பன்றி, எல்க் பட்டியலில் இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள்.

முழுச் செம்புக் குண்டு எடை இழக்காது, ஆழமாகப் போகும். விரிவதற்கு வேகம் வேண்டும். நொடிக்கு 600 மீட்டருக்குக் கீழே பலவும் சரியாக விரிவதில்லை. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். ஆகவே ஈயத்தில் 165 அல்லது 180 கிரெய்ன் சுடுபவர் செம்பில் 150-க்கு இறங்கலாம். வேகமும் கூடும், விரிவும் உறுதியாகும். ஈயத்துக்குத் தடை உள்ள பகுதியில் வேட்டையாடுபவர் காலிபரைத் தேர்ந்தெடுக்கும்போதே செம்புத் தோட்டா அதில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியில் எழுதியுள்ள வேகம் பெரும்பாலும் 60 செ.மீ. சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 50 செ.மீ. என்றால் .308-இல் நொடிக்கு 25 முதல் 30 மீட்டர் கழித்துக்கொண்டு, அந்த எண்ணோடு விரியும் வேகத்தை ஒப்பிடுங்கள்.

7. கீழ்முனைக்கு: .22 எல்.ஆர்.

முயல், அணில் அளவுக்கு .22 எல்.ஆர்.-தான். உதை இல்லாததாலும் தோட்டா மலிவு என்பதாலும் நடுக் காலிபருக்கான பயிற்சியும் இதிலேயே நடக்கும். 40 கிரெய்ன் குண்டு, 50 மீட்டரில் குறி சரிசெய்து, 70 மீட்டரைத் தாண்டாமல் சுடுங்கள்.

ஒவ்வொரு .22-க்கும் ஒரு தோட்டா பிடிக்கும், மற்றது பிடிக்காது. காரணம் தேடி நேரம் கழிக்காதீர்கள். ஐந்தாறு வகைகளில் ஒரு பெட்டி வீதம் வாங்கி, எதன் ஓட்டைகள் இலக்கில் நெருக்கமாகக் குழுவாகின்றனவோ அதை மொத்தமாக வாங்குங்கள்.

சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியம் ஆபத்து. இந்தக் குண்டு 1.5 கி.மீ.க்கு மேல் பறக்கும். நீரிலும் கல்லிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும். பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக் கூடாது.

முயல் இல்லை, 200 மீட்டரில் நரியும் கொயோட்டியும்தான் என்றால் இந்த இடத்தில் .223 ரெமிங்டன் வரலாம். நடுக் காலிபர் .243 என்றால் இது அநேகமாக வீண். இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கும்.

8. பக்கவாட்டுக்கு: ஷாட்கன்

பறக்கும் இரைக்கு ரைஃபிள் உதவாது, ஆகவே மூன்றாவது இடம் பல சின்ன ரவைகளை ஒன்றாகச் சுடும் ஷாட்கனுக்கு. அதன் குழல் அளவைக் கேஜ் என்பார்கள், எண் குறைந்தால் குழல் பெரிது. 12 கேஜ் (உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ.) எல்லா வகைத் தோட்டாவும் கிடைப்பது. 20 கேஜ் (15.6 மி.மீ.) இலேசு, உடலமைப்பு சிறியவருக்கும் நாள் முழுக்க நடப்பவருக்கும் வசதி. வாத்து பட்டியலில் இருந்தால் 12. காடை, முயல் மட்டும் என்றால் 20-ஏ போதும்.

சேம்பர் (தோட்டா அமரும் அறை) நீளம் 76 மி.மீ. உள்ளதாக வாங்கினால் 70 மி.மீ. தோட்டாவும் அதில் சுடலாம். மாற்றிப் போடுவது கூடாது.

மாற்றக்கூடிய சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்த முனையைக் குறுக்கும் பகுதி) உள்ள குழலையே வாங்குங்கள். 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் விழும் ரவைகள், ஃபுல் சோக்கில் 70 சதவீதம், மாடிஃபைடில் 60, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50 என்பது பொதுக் கணக்கு. எஃகு ரவை ஈயத்தைவிட இலேசானது. இரண்டு அளவு பெரிய ரவை எடுங்கள், ஃபுல் சோக்கைத் தவிருங்கள், பழைய மெல்லிய குழலில் போடவே வேண்டாம். ரவை எண்கள் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்க 6-ஆம் எண் 2.8 மி.மீ., பிரிட்டிஷ் 6-ஆம் எண் 2.6 மி.மீ. பெட்டியில் மி.மீ. அளவைப் படியுங்கள்.

9. நான்காவது ஒன்று வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆப்பிரிக்காவில் எருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கான வேட்டை உறுதியாகிவிட்டது என்றால் மட்டும் .375 எச் அண்ட் எச் பற்றி யோசியுங்கள். 1912-இல் வந்த இந்தத் தோட்டாவைத்தான் அங்குள்ள பல நாடுகள் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. உதை .308-இன் இரு மடங்கு. பயணம் ஒரே முறை என்றால் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

10. வாங்கும் மேசையில் பார்க்க வேண்டியவை

குழலின் உட்புரி (குண்டைச் சுழலவைக்கும் உள் வரிகள்) எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேளுங்கள். நீளமான குண்டுக்கு வேகமான புரி வேண்டும். 6.5 கிரீட்மூரில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். .223-இல் 12 அங்குலப் புரி 55 கிரெய்னை நன்றாகச் சுடும்; 69 கிரெய்னைப் போட்டால் குண்டு நிலைகொள்ளாமல் காகிதத்தில் பக்கவாட்டாக ஓட்டை போடும். துப்பாக்கி கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல .223-களின் கதை இதுதான்.

குழலில் பொறித்திருப்பதை நீங்களே படியுங்கள். பழைய துப்பாக்கி என்றால் சேம்பரைத் துப்பாக்கித் தச்சரிடம் அளக்கக் கொடுங்கள். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம்.

11. சுட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்

நடுக் காலிபரில் மூன்று வகைத் தோட்டாக்கள், ஒவ்வொன்றிலும் 20. 100 மீட்டரில், ஒவ்வொரு வகையிலும் ஐந்து தோட்டா கொண்ட இரண்டு குழுக்கள். குழுக்களுக்கு இடையே குழல் ஆறட்டும். மூன்று தோட்டாக் குழு அதிர்ஷ்டத்தில் அழகாக வரும், ஐந்து ஏமாற்றாது. 5 செ.மீ.க்குள் வந்தால் வேட்டைக்குப் போதும்.

தேர்ந்த தோட்டாவை 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே படுமாறு குறி சரிசெய்யுங்கள். நடுத்தர மானின் உயிர்நிலைக்கு, 200 மீட்டர் வரை குறியை உயர்த்தாமல் நடுவில் வைத்தே சுட முடியும்.

பிறகு மேசையை விட்டு எழுந்திருங்கள். 20 செ.மீ. தட்டு ஒன்றை வைத்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் தாங்குகோலில் சாய்த்தும் ஐந்துக்கு ஐந்து எந்தத் தூரம் வரை அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். பெரும்பாலும் அது தாளில் எழுதியதைவிடக் குறைவாக இருக்கும். அப்போது மாற்ற வேண்டியது தாளிலுள்ள எண்ணை.

ஷாட்கனுக்கு இதேபோல் 36 மீட்டரில் பெரிய காகிதம் விரித்து, ஒவ்வொரு சோக்கிலும் ஐந்து முறை சுட்டு வட்டத்துக்குள் ரவையை எண்ணுங்கள். சலிப்பான வேலை. சோக்கின்மேல் எழுதியிருப்பதும் காகிதம் காட்டுவதும் எத்தனை முறை ஒத்துப்போகவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

12. தோட்டாக்கள் கலக்காமல் வையுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட காலிபர் வீட்டுக்குள் வந்ததும் இந்த ஆபத்தும் கூடவே வரும்.

20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரில் நழுவி, குழலின் முன்பகுதியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. சுடவில்லையே என்று பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடிக்கும். இதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு கேஜும் வைத்திருப்பவர் ஒரே நாளில் இரண்டையும் வெளியே எடுக்கக் கூடாது.

.300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளில் அடைந்துவிடக்கூடும்; பெரிய குண்டு சின்னக் குழலில் போகாமல் துப்பாக்கி சிதறும். 5.56 இராணுவத் தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த சேம்பரில் சுடாதீர்கள், அழுத்தம் எல்லை மீறலாம்.

காலிபருக்கு ஒரு நிறப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. களத்துக்கு ஒரே ஒரு காலிபரின் தோட்டாவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் சட்டைப் பைகளைத் தட்டிப் பாருங்கள், போன மாதத்தின் .223 ஒன்று அங்கேதான் கிடக்கும்.